பச்சை லைட்டும் வெண்கட்டிக் கோடும்

ஒரு பக்கத்துக்குள் எழுதித் தாருங்கள் என்று துஷி கேட்டாள். ஒரு பக்கத்துக்குள் அடக்க எனக்கு ஏலாது. நாலு வரி எழுதினால் எழும்பி வாசல்வரை நடக்க வேண்டியிருக்கிறது. "என்ன, பஸ்ஸுக்கு நிக்கிறீங்களோ?" என்று மனைவி குசினிக்குள் இருந்து கேட்கிறாள். திரும்பி வந்து கதிரையில் இருந்தால் எழுதியதை வெட்ட வேண்டும் போலிருக்கிறது. ஆனாலும் செவ்வாய்க்கிழமைக்கு முன் இது துஷியின் கையில் இருக்க வேண்டும்.

துஷி நான் வேலை செய்த கொம்பனியில் இப்போது மின்பகுதிக்குப் பொறுப்பானவள். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலில் இருந்து சரக்கு இறக்கும் தனியார் கொம்பனி அது. பெயரை எழுதவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், வெளியே இருப்பவர்களுக்குத் தேவையில்லை. சரக்கு இறங்கும்போது கப்பலின் மேல்தட்டில் நின்று கிறேன்காரருக்குக் குரல் கொடுக்கிற சிக்னல்காரர்களுக்கு இதுவரை வோக்கி-டோக்கிதான், எங்கள் பேச்சில் வோக்கிதான், கொடுத்தார்கள். இனி ஸ்மார்ட் போன் கொடுக்கப் போகிறார்களாம். ஸ்டோர்ஸ் அதிகாரி இரண்டு வகைப் போன் வாங்கலாம் என்கிறார். ஒரு வகை புதிய வாய், மற்ற வகை பழைய வாய். வாய் என்று நான் சொல்வது சார்ஜ் வயர் செருகும் ஓட்டையை. எங்கள் பட்டறையில் அப்படித்தான் சொல்வோம். எல்லாம் ஒரே வாயாக வேண்டும் என்று துஷி நிற்கிறாள். "ஒரு வயருக்கு இவ்வளவு கதையா?" என்று அந்த அதிகாரி சிரித்தாராம். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் முடிவு.

"ஐயா, நீங்க எழுதினா கூட்டத்தில வாசிப்பன்" என்றாள்.

"நான் அங்க இருக்கேக்க சொன்னதையே ஒருத்தரும் கேக்கேல்ல. இப்ப எழுதினதைக் கேப்பினமோ?"

"நேர வந்தா நீங்க ஏசுவீங்க எண்டு எல்லாருக்கும் பயம் ஐயா. பேப்பர் ஏசாதுதானே."

பார்ப்போம்.

முதலில் கேள்விக்குப் பதில். போன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வாய் வேண்டுமா? வேண்டும். கொம்பனிப் போனுக்கு மட்டுமல்ல, உலகத்தில் விற்கிற எல்லாப் போனுக்கும் வேண்டும். இதை இவ்வளவு காலம் இழுத்ததே வெட்கக்கேடு. ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தால் சார்ஜர்தான். மெல்லிய முனை, தட்டை முனை, உருண்டை முனை, தலைகீழாகச் செருகினால் உடைகிற முனை. போன் செத்த பிறகும் அதன் சார்ஜர் சாகாமல் கிடக்கிறது. வாயை மாற்றி மாற்றி வைத்து விற்றவன் அதைக் கண்டுபிடிப்பு என்கிறான். எனக்கு அது கண்டுபிடிப்பாகத் தெரியவில்லை. ஒரே வாய் என்று சட்டம் போட்டால் புதிதாக ஒன்றும் வராது என்று ஸ்டோர்ஸ் அதிகாரி சொல்கிறாராம். புதிதாக வரட்டும். வருவது எல்லாருக்கும் ஒன்றாக வரட்டும்.

நாங்கள் எதையும் பொருத்திவிடுகிற சனம் என்பதும் இந்த விசயத்தில் ஒரு கேடு. சுவரில் இருக்கிற சதுர ஓட்டைப் பிளக்குக்கு இரண்டு உருண்டைக்கால் சார்ஜரைச் செருக என்ன செய்கிறோம்? மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்தி மூடியைத் திறந்து, கீழே சார்ஜரை நெரித்துவிடுகிறோம். எல்லா வீட்டிலும் பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேனை இருக்கும். பொருந்திவிட்டது, லைட் எரிகிறது, சரி. அந்தப் பேனைப் புத்திதான் என்னையும் கெடுத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் சாம்பல்தீவுக்காரன். வீடுகளுக்கு வயரிங் செய்த ஒருவரோடு இரண்டு வருடம் ஏணி தூக்கினேன். பிறகு கொம்பனியில் மின்பகுதிக்கு ஆள் எடுத்தார்கள், போனேன், எடுத்தார்கள். பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. கையில் இரண்டு தரம் அடித்தது, மூன்றாம் தரம் அடிக்கவில்லை.

அங்கே போர்மன் லத்தீப். மூத்தவர் என்று நானா என்போம். கிண்ணியாக்காரர். ஆள் மெல்லிசு, குரல் அதைவிட மெல்லிசு. அவர் கத்தி நான் கேட்டதில்லை. பிழை செய்தால் பக்கத்தில் வந்து நிற்பார். ஒன்றும் சொல்லமாட்டார். எங்களுக்கே பொறுக்கமுடியாமல் "என்ன நானா?" என்று கேட்போம். அப்போதும் உடனே சொல்லமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியில் துடைத்து, திரும்பப் போட்டபிறகுதான் வாய் திறப்பார். எனக்கு அந்தத் துடைப்பு ஏச்சைவிட மோசம்.

வோக்கிகளைச் சார்ஜ் போட்டு வைக்கும் அறை என் பொறுப்பு. பதினேழு வோக்கி. இரவு ஸ்டாண்டில் நிற்கும், காலையில் சிக்னல்காரர்கள் வந்து எடுப்பார்கள். ஸ்டாண்டில் சிவப்பு லைட் எரிந்தால் ஏறுகிறது, பச்சை எரிந்தால் நிறைந்துவிட்டது. லத்தீப் நானா பச்சையை நம்பமாட்டார்.

"அந்த லைட் ஸ்டாண்டுட லைட், செல்வம். பற்றரிட லைட் இல்ல. ஸ்டாண்ட் தான் நினைக்கிறதச் சொல்லுது" என்பார்.

அவர் வைத்த முறை இது. ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு வோக்கியையும் எடுத்து, பற்றரியின் இரண்டு முனையிலும் மீற்றரைப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டே பேசும் பொத்தானை அமத்தி முப்பது எண்ண வேண்டும். பேசும்போதுதான் பற்றரிக்குப் பாரம். முப்பது வரைக்கும் ஊசி தன் இடத்தில் நின்றால் பற்றரி நல்லது. எண்ணி முடியமுன் ஊசி சரிந்தால் அந்த வோக்கியை வேலைக்குக் கொடுக்கக்கூடாது. நல்லதன் முதுகில் வெண்கட்டியால் ஒரு கோடு. நேற்றைய கோட்டைக் கட்டைவிரலால் அழித்துவிட்டுத்தான் இன்றைய கோடு. சிக்னல்காரர்கள் லைட்டைப் பார்க்கமாட்டார்கள். வோக்கியைத் திருப்பிக் கோட்டைப் பார்ப்பார்கள். கோடு இருந்தால் இடுப்பில் கொளுவிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கோடு சத்தியம் மாதிரி.

கொம்பனி வோக்கியை மூன்று தரமாக வாங்கியது. மூன்று தரமும் மூன்று வகை. ஒன்றின் ஸ்டாண்டில் மற்றது இருக்காது. இரண்டாம் வகையின் ஸ்டாண்டுகள் ஒவ்வொன்றாக உடைந்தன. கேட்டு எழுதினோம். ஸ்டோர்ஸில் இருந்து பதில் இல்லை. திரும்ப எழுதினோம். "இருக்கிறதை வைச்சுச் சமாளியுங்கோ" என்று பதில் வந்தது.

நான் சமாளித்தேன். முதல் வகையின் ஸ்டாண்டை எடுத்து, உள்பள்ளத்தை அரத்தால் அராவி, ஒரு செப்புத் தகட்டை வளைத்து வைத்தேன். இரண்டாம் வகை வோக்கி அதில் போய் இருந்தது. சிவப்பு எரிந்தது, பிறகு பச்சை எரிந்தது. அறைக்குள் வந்தவர்கள் எல்லாம் என் முதுகில் தட்டினார்கள். மனேஜர்கூட எட்டிப் பார்த்து "கெட்டிக்காரன்" என்றார். லத்தீப் நானா மட்டும் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏறுது. ஊசியும் நிக்குது. ஆனா தகடு நெளியிற சாமான். ஒவ்வொரு நாளும் பாக்கோணும், செல்வம். ஒரு நாள் மற்றதுகள விட்டாலும் இத விடாதீங்க."

"ஓம் நானா" என்றேன். பார்க்கவும் செய்தேன், அவர் இருந்தவரைக்கும்.

மகளின் கலியாணத்துக்கு அவர் பத்து நாள் லீவில் போனார். அந்தப் பத்துக்குள் ஒரு நாள் பலகைக் கட்டு ஏற்றிய கப்பல் வந்தது. மழை வரும் போலிருந்தது, மனேஜர் வாசலில் நின்று கைதட்டினார். "செல்வம், ஆக்கள் நிக்கினம், வோக்கியைக் குடுங்க!" நான் ஸ்டாண்டுகளைப் பார்த்தேன். பதினேழும் பச்சை. வெண்கட்டியை எடுத்துப் பதினேழுக்கும் கோடு போட்டேன். ஒன்றையும் அமத்தவில்லை. ஒன்றையும் எண்ணவில்லை. பழைய கோட்டை அழித்துவிட்டுத்தான் போட்டேன். அதில் மட்டும் ஒழுங்கு குறையவில்லை.

என் தகடு வைத்த ஸ்டாண்டில் நின்ற வோக்கி யோகனின் கைக்குப் போனது. யோகனும் சாம்பல்தீவுதான். என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவன். நல்ல சிக்னல்காரன். குரல் கணீரென்று இருக்கும். கப்பலின் அடிக்கிடங்கில் கட்டுகளைப் பிடித்து வைக்கிறவர்களில் மூதூர் ரபீக் ஒருவர். கிறேன்காரருக்குக் கிடங்குக்குள் ஒன்றும் தெரியாது. மேல்தட்டில் நிற்கும் யோகனின் குரல்தான் அவருக்குக் கண். அந்தக் காலத்து வழக்கப்படி "இறக்கு" என்று ஒருமுறை சொன்னால், "நிறுத்து" என்று கேட்கும்வரை கிறேன் இறக்கிக்கொண்டே போகும்.

கட்டு பாதியில் சுழன்றது. ரபீக் ஒதுங்க இடமில்லாத மூலையில் நின்றார். யோகன் "நிறுத்து" என்றான். வோக்கி செத்துவிட்டது. திரும்ப அமத்தி, திரும்பச் சொல்லி, பிறகு வோக்கியை விட்டுவிட்டுக் கையை வீசிக் கத்தினான். மழை மேகத்துக்குக் கீழால் வந்த வெயில் கிறேன்காரரின் முகத்துக்கு நேரே அடித்தது. கட்டு இறங்கியது.

ரபீக்கின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

விசாரணை நான்காம் நாள் நடந்தது. இடையில் யாரோ அந்த வோக்கியைக் கொண்டுவந்து என் ஸ்டாண்டில் வைத்துவிட்டார்கள். ஓய்ந்து கிடந்த பற்றரி ஒருமுறை உயிர் காட்டும். மேசையில் வைத்துத் திருகியபோது "பீப்" என்றது. ஸ்டாண்டில் பச்சை லைட். முதுகில் வெண்கட்டிக் கோடு.

"நான் அமத்தினனான் சேர். ரெண்டு தரம் அமத்தினனான்" என்று யோகன் சொன்னான்.

மனேஜர் என் பக்கம் திரும்பினார். "வோக்கி சரியா இருந்ததோ?"

"கோடு போட்டிருக்கு, சேர்" என்றேன்.

பொய் இல்லை. கோடு போட்டிருந்தது. என் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் அந்தப் பொய் இல்லாத வசனம்தான். சிக்னல்காரர் உரிய நேரத்தில் பொத்தானை அழுத்தவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். யோகனை வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற நாள் பஸ்ஸில் அவன் வழக்கமாக ஏறும் இடத்தில் பஸ் நிற்காமல் போனது. நான் யன்னல் பக்கம் பார்க்கவில்லை.

லத்தீப் நானா லீவு முடிந்து வந்தார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வோக்கியை எடுத்து, மீற்றரைப் பிடித்து, பொத்தானை அமத்தி, மெல்ல எண்ணினார். எட்டில் ஊசி விழுந்தது. வோக்கியை ஸ்டாண்டில் வைத்தார். உடனே பச்சை. அந்த ஸ்டாண்டில் மூன்று முனை உண்டு. இரண்டு சார்ஜ் ஏற்ற, மூன்றாவது பற்றரி நிறைந்ததா என்று பார்க்க. என் தகடு நெளிந்து மூன்றாவதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெறும் பற்றரியை நிறைந்தது என்று ஸ்டாண்ட் நினைத்துக்கொண்டிருந்தது. அவர் நகத்தால் தகட்டை நெம்பி எடுத்து என் மேசையில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"முப்பது எண்ண எவ்வளவு நேரம் போகும், செல்வம்?"

"அரை நிமிசம், நானா."

அவர் என் சேட்டுப் பைக்குள் கைவிட்டு வெண்கட்டியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் காலை பதினேழையும் அவரே அமத்தி, அவரே எண்ணி, அவரே கோடு போட்டார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நான் பக்கத்தில் நின்றேன். என்னைப் போ என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. அவர் மனேஜரிடம் சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் சொல்லவில்லை. மூன்றாம் கிழமை என்னால் ஏலாமல் போனது.

"நானா, நீங்க போய்ச் சொல்லலாம்தானே?"

"நான் சொன்னா அது உங்கட மேல முறைப்பாடு. நீங்க சொன்னா அது யோகனுக்குச் சாட்சி. அவனுக்கு இப்ப எது வேணும்?"

போனேன். மனேஜரிடம் எல்லாம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"றிப்போட் மேலிடத்துக்குப் போயிட்டுது, செல்வம். இப்ப இதைக் கிளறினா ஸ்டாண்ட் ஏன் வாங்கிக் குடுக்கேல்ல எண்டு என்னைக் கேப்பினம். உங்களையும் வீட்ட அனுப்புவினம். பிள்ளையள் படிக்குதெல்லோ? போய் வேலையைப் பாருங்க."

வந்துவிட்டேன். லத்தீப் நானா கேட்டார்.

"சொன்னீங்களா?"

"சொன்னனான். அவர் எடுக்கேல்ல."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்ல."

வெண்கட்டி அவருடைய பைக்குள்ளேயே இருந்தது. அவர் ஓய்வு பெறும்வரை பதினேழுக்கும் அவர்தான் கோடு போட்டார். போன அன்று அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். தந்தாரா, மறந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் மறக்கிற ஆள் இல்லை.

அவர் போகுமுன் ஒரு காரியத்தைச் சண்டைபிடித்துச் செய்தார். அதுவும் கத்தாமல்தான். இப்போதெல்லாம் கட்டு இறங்கி முடியும்வரை சிக்னல்காரர் "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்ல வேண்டும். குரல் நின்றால் கிறேனும் நிற்க வேண்டும். அமைதி என்றால் நிறுத்து. இப்போது இருப்பவர்கள் அந்த முறையைத் தலையிடி என்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தலையிடிக்கு ரபீக் ஒரு கால் கொடுத்திருக்கிறார்.

துஷி கேட்டபிறகு இதை எழுதுவதா விடுவதா என்று ஒரு கிழமை அலைந்தேன். முதலில் ரபீக்குக்குப் போன் எடுத்தேன். மூதூரில் அவருக்கு இப்போது ஒரு கடை. விசயத்தைச் சொன்னேன். யாருக்கோ மிச்சக் காசு எண்ணிக் கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எழுதுங்க. ஆனா ஆக்கள் கேட்டா காலே இல்ல எண்டுதான் சொல்றாங்க. முழங்காலுக்குக் கீழதான் இல்ல எண்டு சரியா எழுதுங்க" என்றார். சரியாக எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை பஸ் ஏறி நிலாவெளிக்குப் போனேன். யோகன் அங்கே ஒரு ஹோட்டல் வாசலில் காவலுக்கு நிற்கிறான். இத்தனை வருடத்தில் சந்தையிலும் கோயிலிலும் கண்டிருக்கிறோம். அவன் தலையைத் திருப்பிக்கொள்வான், நானும்தான். இந்த முறை நேரே போய் அவனுடைய காவல் அறைக்கு முன்னால் நின்றேன்.

"ஆர், கோடு போடுற ஐயாவோ?" என்றான். எழும்பவில்லை. "ஹோட்டல்ல ரூம் வேணுமோ? விலை கூட."

"உன்னோட கதைக்க வந்தனான்."

"பத்தொன்பது வருசம் கழிச்சோ? பஸ் பிந்திப் போச்சோ?"

காவல் அறைச் சுவரில் ஒரு பலகை அடித்திருந்தான். அதில் ஐந்து வகை சார்ஜ் வயர் தொங்கியது. ஓட்டோக்காரரும் சுற்றுலாக்காரரும் வந்து போன் செருகிவிட்டுப் போகிறார்கள். நான் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அரம், தகடு, மனேஜர் கைதட்டியது, பதினேழு கோடு. அவனுக்குப் பாதி தெரிந்திருந்தது. மனேஜரிடம் நான் போனது தெரியாது. அதைக் கேட்டும் முகம் மாறவில்லை.

"இப்ப என்ன? மன்னிப்புக் கேக்க வந்தனியோ?"

"இல்ல. எழுதப்போறன். உன்ர பேரை எழுதலாமோ எண்டு கேக்க வந்தனான்."

அதற்குள் ஒரு ஓட்டோக்காரர் வந்து, "அண்ணே, இதுக்கு எந்த வயர்?" என்று போனை நீட்டினார். யோகன் திருப்பிப் பார்த்து, சரியான வயரை எடுத்துச் செருகினான். திரையில் பற்றரிப் படம் மினுங்கியது. ஓட்டோக்காரர் போகத் திரும்பினார்.

"நில்லும் தம்பி" என்றான் யோகன். போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். பன்னிரண்டு வீதம் என்று இருந்தது பதின்மூன்று ஆனது. "ஏறுது. இனிப் போம்."

பிறகு என்னிடம் சொன்னான். "எழுது. ஆனா 'பிழை நடந்திட்டுது' எண்டு எழுதாத. அப்பிடி அவங்களும் எழுதினவங்கள். ஆர் பாக்கேல்ல, என்னத்தைப் பாக்கேல்ல எண்டு எழுது."

ஆகவே, துஷி, செவ்வாய்க்கிழமை இதை முழுதாக வாசி. ஸ்டோர்ஸ் அதிகாரி சிரித்தால் நிறுத்தி, அவர் சிரித்து முடித்தபிறகு வாசி.

ஒரே வாய் உள்ள போன்களையே வாங்குங்கள். மூன்று வகை ஸ்டாண்ட் இல்லாமல் ஒரே வகை இருந்திருந்தால் நான் அரத்தைக் கையில் எடுத்திருக்கமாட்டேன். அது உண்மை. ஆனால் ஒரே வாய் வந்தவுடன் எல்லாம் சரி என்று மாலை போட்டுவிடாதீர்கள். கடைத்தெருவில் அந்த வாய்க்கே பத்து வகை வயர் தொங்குகிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்று. சிலதில் போனுக்குச் சார்ஜ் ஏற அரை நாள் பிடிக்கும், சிலது சூடாகும், சிலது படத்தை மட்டும் காட்டும். எது எவ்வளவு தாங்கும் என்று வயரின் மேல் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். காலையில் ஒவ்வொரு போனிலும் பேசிப் பார்த்து, எண்ணிப் பார்த்துக் கொடுங்கள். எண்ணாமல் கோடு போட்டது ஸ்டாண்டின் வாய் இல்லை, என் கை.

லத்தீப் நானா கேட்ட கடைசிக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். எழுதிக் கொடுக்கிறேன்.

அந்தக் காலை நான் வோக்கியை அமத்திப் பார்க்கவில்லை. ஊசியைப் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கோடு போட்டது நான், செல்வம். சாம்பல்தீவு யோகன் பொத்தானை அழுத்தினான். இரண்டு தரம் அழுத்தினான்.